மடியில் நாலே கால் கிலோ

சுக்கு என்கிற பூனை செத்துப்போய் மூன்றாம் நாள், காலை பத்து மணி வாக்கில், வாய்க்கால்பாலம் தெரு ஆவுடையம்மாளின் மடியில், பீடித்தட்டுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்கும் அகப்படவில்லை, எடை மட்டும்தான் வந்தது. எடையும், அடுப்பிலிருந்து இறக்கி அரைமணி நேரம் ஆன இட்லிக்கொப்பரையின் சூடும், அந்தச் சூட்டுக்குள்ளே நாலு வீடு தள்ளித் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு குர்குர்ரும். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆவுடை தட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள். சேலைதான் இருந்தது, சேலை நடுவில் ஒரு பூனை அளவுக்குப் பள்ளமாக அமுங்கியிருந்தது. இலையை வெட்டி வைத்தாயிற்று, சாயங்காலத்துக்குள் சுற்றி முடித்தாக வேண்டும், வந்தது வந்துவிட்டது, இனி என்ன செய்ய என்று தட்டைத் திரும்ப வைத்துக்கொண்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்காலை ஒட்டிய அந்தத் தெருவில் பெண்கள் எல்லோருக்கும் பீடி சுற்றுகிற வேலை. வாய்க்கால் கரைப் புங்க மரத்தடியில் பாய் விரித்து, காலை நீட்டி, மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் கை தன்பாட்டுக்கு ஓடும். வாய் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற வாய்க்கும் காதுக்கும் இத்தனை வருஷமாகத் தீனி போட்டவள், சுக்குவை வளர்த்த சங்கரவடிவுதான்.

சங்கரவடிவு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், அவளிடம் மட்டும் காரணம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கான படக்கதைப் புத்தகம் போடுவாள். ஒரு கதை மனசில் விழுந்ததும் முதலில் புங்க மரத்தடிக்கு வந்து பீடிக்காரிகளிடம் சொல்வாள். அவர்கள் சும்மா விடமாட்டார்கள். நரி எதுக்கு டீச்சர் ஆத்துல இறங்கணும், பாலம் இருக்குல்லா என்பாள் ஆவுடை. அந்த ராசாவுக்குப் பொண்டாட்டி இல்லியா, அவ ஒரு வார்த்தை கேக்கமாட்டாளா என்பாள் இலை வெட்டுகிற மைமூன். இப்படி எல்லோரும் போட்டு உலுக்கியதில் உதிராமல் மிச்சம் நிற்பது எதுவோ அதுதான் கதை என்று அவள் வீட்டுக்குப் போய்ப் பலகையை மடியில் வைத்து உட்காருவாள். உட்கார்ந்த கால்மணி நேரத்தில், காய்ந்த இஞ்சி நிறத்தில் இருக்கிற அந்தப் பூனை எங்கிருந்தோ வந்து, பலகைக்கு அடியில் தலையை விட்டுத் தள்ளி, மடியில் ஏறிச் சுருண்டுவிடும். பிறகு எந்திரிக்கிற பேச்சே கிடையாது.

பால் பொங்கினாலும் எந்திரிக்கமாட்டாள், தபால்காரர் கூப்பிட்டாலும் எந்திரிக்கமாட்டாள். தூங்குகிற பூனையை எழுப்புகிற அளவுக்கு உலகத்தில் என்ன அவசரம் இருக்கிறது என்பது அவள் கட்சி. வேறு போக்கிடம் இல்லாததால் படம் போடுவாள். பூனையின் ஒரு தூக்கம் ஒரு படம்; மழைக்காலத் தூக்கம் என்றால் ஒன்றரைப் படம். ஈர மையில் சுக்கு நடந்துபோன இடத்தை நண்டாகவோ பூவாகவோ மாற்றிவிடுவாள். பதினாலு வருஷத்தில் பதினோரு புத்தகம் ஆயிற்று. பத்திரிகையிலிருந்து வந்த ஒருவர் உங்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது அவள் சொன்னாள்: "யோசனை எல்லாருக்கும் வருது சார். வந்த உடனே எந்திரிச்சுப் போயிருதாவ. எனக்கு மடியில பூனை கெடந்துது, எந்திரிக்க முடியல. அவ்வளவுதான்." அவர் அதை அடக்கம் என்று எழுதிக்கொண்டு போனார். அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

சித்திரையில் சுக்குவுக்குச் சிறுநீரகம் கெட்டது. மாட்டாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரண்டு மாசம் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஆனி மாசம், சாரல் விழத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தபோதே மூச்சு நின்றது. அப்போது அது இரண்டு கிலோகூட இல்லை. மடியில் துண்டு இருக்கிறதா பூனை இருக்கிறதா என்று தெரியாத அளவுக்கு வற்றியிருந்தது. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கை கால் கழுவி, பலகையை எடுத்து உட்கார்ந்தாள். உடனே எந்திரித்தாள். தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், உட்கார்ந்தாள், சாத்திய ஜன்னலைத் திறந்தாள். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக அவளால் நினைத்த நேரத்தில் எந்திரிக்க முடிந்தது. அதைவிடப் பெரிய கொடுமை இல்லை என்று அவளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. பன்னிரண்டாவது புத்தகத்தின் முதல் தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. சுக்குவை வரைந்து பார்க்கலாம் என்றால், நாற்பது தரம் வரைந்தும் நாற்பதும் வேறு யார் வீட்டுப் பூனையாகவோதான் வந்தது.

இதே நாட்களில்தான் புங்க மரத்தடியில் சுக்கு மடி மாறி மடி மாறிப் படுத்துக்கொண்டிருந்தது. ஆவுடைக்கு அடுத்த நாள் மைமூனுக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் யாருக்கு என்று சண்டை வரப் பார்த்ததால், குழாயடியில் குடத்துக்கு முறை வைப்பது போல மடிக்கும் முறை வைத்தார்கள். அன்றன்றைக்கு முறைக்காரி எவளோ அவள் நடுப்பாயில் உட்காருவாள். பூனை முறையை மதித்ததா, அல்லது நடுப்பாயில் வெயில் நன்றாக விழுந்ததால் அங்கே வந்ததா என்று யாரும் ஆராயவில்லை. சந்தேகம் தீரட்டும் என்று மாவு மில் தராசில் ஆவுடையை மடியோடு ஒரு தரம், வெறுமனே ஒரு தரம் நிறுத்தும் பார்த்தார்கள். வித்தியாசம் நாலே கால் கிலோ. மில்காரர் பூனைக்குச் சரியான எடைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் மிளகாயை வாங்கிக்கொண்டார்.

பூனை படுத்திருக்கும்போது எந்திரிக்கக்கூடாது என்பது டீச்சர் வீட்டுச் சட்டம், அது தெரு முழுக்கத் தெரியும். ஆகவே முறைக்காரி எந்திரிக்கவில்லை. அவள் எந்திரிக்காததால் அவள் புருஷன் எந்திரித்தான். இருபது வருஷமாகச் சோற்றுப்பானை எந்தப் பரணில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஆண்கள் உலை வைத்தார்கள், குழம்பைத் தீய விட்டார்கள், அடுத்த முறைக்குள் தீயவிடாமல் கற்றுக்கொண்டார்கள். "ஏட்டி, தண்ணி எடுத்துட்டு வா" என்று எவனாவது சொன்னால், "மடியில சுக்கு" என்ற இரண்டே வார்த்தையில் பேச்சு முடிந்தது. தெருக்கோடி வீட்டுப் பெண்ணைப் பார்க்கத் தென்காசியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, வழியில் ஒரு பூனை காருக்குக் குறுக்கே போய்விட்டது, சகுனம் சரியில்லை, காப்பிகூட வேண்டாம் என்று முணுமுணுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்த மறு நிமிஷம் நாலே கால் கிலோ வந்து மடியில் விழுந்தது. மூன்று மணி நேரம் அந்த அம்மாளால் அசைய முடியவில்லை. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தாற்போல என்று ஊரில் சொல்வார்கள், அவள் அதை நிஜமாகவே செய்துகொண்டிருந்தாள். அதற்குள் அந்தப் பெண் கையால் இரண்டு தரம் காப்பி குடித்து, மத்தியானச் சோறும் சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, தன் மாமியார் தனக்குச் செய்த கொடுமையெல்லாம் சொல்லி அழுதும் முடித்துவிட்டதால், கல்யாணத்துக்குத் தேதி குறிக்காமல் எந்திரிக்க முடியாது என்று ஆகிவிட்டது.

இவ்வளவும் நடந்தது, சங்கரவடிவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள்தான் வாசல் தாண்டி வருவதில்லையே. தவிரவும், பகலில் நம்மிடம் வருகிற பூனை ராத்திரி முழுக்க அவள் மடியில்தானே கிடக்கும், வளர்த்தவளை விட்டுவிட்டு வருமா என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. சங்கரவடிவுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும் என்றும் நினைத்துக்கொண்டார்கள். இன்னொரு காரணமும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: சொன்னால் ஒருவேளை திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயம்.

ஒரு புதன்கிழமை ஆவுடையின் புருஷன், ஆட்டோ ஓட்டுகிற இசக்கிமுத்து, கையில் கரண்டியோடு சங்கரவடிவின் வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், ரசத்துக்குப் பருப்புத் தண்ணிய முதல்லயே விடணுமா, கடைசியிலயா?"

"புளி கொதிச்ச பிறகு விடு. ஆவுடை எங்க? ஒடம்பு சரியில்லியா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. எந்திரிக்க முடியாதுல்லா, சுக்கு படுத்திருக்கு. இன்னைக்கு எங்க முறை."

சங்கரவடிவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தச் சுக்கு?"

"நம்ம சுக்குதான் டீச்சர். வேற எது?" என்ற இசக்கிமுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் எதையோ உடைத்துவிட்டதை உணர்ந்து, அதை ஒட்டவைக்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டினான், முறை வைத்தது, மாவு மில் தராசு, தென்காசி அம்மாள், ஒன்று விடவில்லை.

"நிறுத்தா எவ்வளவு இருந்துதுன்னு சொன்னே?"

"நாலே கால் கிலோ டீச்சர்."

சங்கரவடிவு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போகும்போது ரெண்டு கிலோகூட இல்ல இசக்கி," என்றாள். "எலும்பு எலும்பா இருந்துது. நாலே காலா? நெசமாவா? சாப்பிடுதா?"

"சாப்பிடுதான்னு தெரியல. ஆனா கனமா இருக்கு டீச்சர். அவளுக்குக் கால் மரத்துப் போகுது."

சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அவள் சந்தோஷத்தில் அழுதாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் அந்த அழுகைக்கு அடியில் கிடந்த இன்னொரு அழுகை மேலே வந்தது. "என்கிட்ட ஒரு நாள்கூட வரலியே," என்றாள். "நான் தெனமும் சாளை மீன் வேகவெச்சுக் கிண்ணத்துல வெச்சு, துண்ட மடியில விரிச்சு, சுக்கு சுக்குன்னு கூப்பிட்டுக்கிட்டுல்லா உக்காந்திருக்கேன்."

இசக்கிமுத்து ரசத்தை மறந்துவிட்டு மரத்தடிக்கு ஓடினான். செய்தி கேட்டுத் தெரு வெட்கிப்போனது. ஆவுடை நெஞ்சில் அடித்துக்கொண்டாள், அதையும் மடி அசையாமல்தான் அடித்துக்கொண்டாள். "தாய்கிட்ட போகாத பிள்ளைய நாம வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கோம். இப்பமே கொண்டுபோய் ஒப்படைக்கணும்," என்றாள். எந்திரித்தால் பூனை போய்விடும். ஆகவே அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு அங்குலம் அங்குலமாக ஏற்றி, நாலு ஆண்கள் நாற்காலியின் நாலு காலைப் பிடித்துத் தூக்க, மைமூன் முன்னால் நடந்து சைக்கிள்களை ஒதுக்க, சப்பரத்தில் அம்மன் வருவது போல ஆவுடையம்மாள் தெருவில் வந்தாள். மாவு மில்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சங்கரவடிவின் முன்கட்டில் நாற்காலியை இறக்கி, இரண்டு பேரின் முழங்காலும் முட்டும்படி வைத்தார்கள். "சரிஞ்சு போ தாயி, உன் அம்மா மடிக்குப் போ," என்று ஆவுடை மடியை மெல்ல உயர்த்திச் சாய்த்தாள். சங்கரவடிவு துண்டை விரித்து, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். ஆவுடையின் தொடையில் நாலு பாதங்கள் ஒவ்வொன்றாக அழுந்தின, முதுகை வளைத்துச் சோம்பல் முறிப்பதும் தெரிந்தது, அப்புறம் எடை இல்லை. சங்கரவடிவின் துண்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பூனை ஒப்படைக்கிற பண்டமா என்ன? அது தன்பாட்டுக்கு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

எட்டு நாள் யார் மடிக்கும் வரவில்லை. நடுப்பாயில் வெயில் மட்டும் வந்து போயிற்று. ஆண்கள் ஒவ்வொருவராகக் கட்டிலுக்குத் திரும்பினார்கள், தண்ணீர் கேட்டு உள்ளேயிருந்து குரல்கள் வந்தன, பெண்கள் பெருமூச்சோடு எந்திரித்துப் போனார்கள். ஒருத்தியும் சங்கரவடிவைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கும் இல்லாமல், இருந்தவர்களுக்கும் இல்லாமல் செய்துவிட்டேனே, சுக்கு என்ன என் வீட்டுச் சொத்தா, இந்தத் தெருவில் எத்தனை வீட்டு மீன்தலை தின்று வளர்ந்தது என்று புழுங்கினாள். ஒன்பதாம் நாள் மீன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாததால் படப்பலகையை எடுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போனாள்.

மைமூன் நகர்ந்து இடம் விட்டாள். சங்கரவடிவு காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சுக்கிடுங்க," என்றாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஒரு கதை சொல்லுங்க டீச்சர்," என்றாள் ஆவுடை. "கை ஓடமாட்டேங்கு."

"கதை ஒண்ணும் இல்ல ஆவுடை. வத்திப்போச்சு."

"இல்லாட்டா என்ன, இல்லாததச் சொல்லுங்க."

சங்கரவடிவு வாய்க்காலைப் பார்த்தாள். கரையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. "ஒரு தவளை இருந்துது," என்றாள், வேண்டாவெறுப்பாக. "அதுக்கு நீச்சல் தெரியாது."

"தவளைக்கு நீச்சல் தெரியாதா? அது பிறப்புலயே வாரதுல்லா?" மைமூனின் கத்தரி நின்றது.

"இதுக்கு வரல. என்ன செய்ய?"

"அப்ப எங்கனதான் இருந்துது?"

"பாலத்து டீக்கடையில. பாய்லருக்கு அடியில."

"சூடு பொறுக்குமா?"

"மேல ஈரத்துணியப் போத்திக்கிடும். ஒரு நாள், டீக்கடைக்காரர் மகளுக்குப் போட்ட கொலுசு ஒண்ணு வாய்க்கால்ல விழுந்துட்டு. எல்லாரும் தவளையைப் பாக்காவ. நீதானே தவளை, எறங்குன்னு சொல்லுதாவ. அதுக்குச் சொல்ல வெக்கமா இருக்கு."

"அய்ய, பாவம்," என்றாள் ஆவுடை. கை ஓடத் தொடங்கியிருந்தது. "ஒரு சட்டி மூடியப் பிடிச்சுக்கிட்டு எறங்கலாமே? மெதக்கும்."

"மூடிய டீக்கடைக்காரன் குடுத்துருவானா? பால்ல ஈ விழும்," என்றாள் மைமூன்.

"பிள்ளை கொலுசுக்காக ஒரு மூடி குடுக்கமாட்டானா?"

"மூடி எம்புட்டுப் பெருசு, தவளை எம்புட்டுப் பெருசு? எப்படிப் பிடிக்கும்?"

சண்டை பெரிதாகிக்கொண்டே போனதால், இருங்க, சும்மா கத்தாதீங்க என்று சங்கரவடிவு காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, மூடியை வரைந்தாள். மூடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தண்ணீரில் ஒரே ஒரு கால்விரலை மட்டும் நனைத்துப் பார்க்கிற தவளையை வரைந்தாள். ஆவுடை எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த விரலுக்கு எதிரே ஒரு கெண்டைக்குஞ்சு வந்து நின்று, யாருப்பா நீ, புதுசா இருக்கே என்று கேட்பதாகச் சங்கரவடிவு சொன்னாள், சொன்னதுமே கெண்டைக்குஞ்சையும் வரைந்தாள், அதற்கு ஒரு மாமியார் இருக்கணும் என்று மைமூன் சொன்னதால் மாமியாரையும் வரைந்தாள். வெயில் புங்க மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனது தெரியவில்லை. பொதிகை மலை மேல் மேகம் இறங்கியது தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் மாமியார்க் கெண்டையின் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டிருந்தபோது பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சங்கரவடிவு குனிந்து பார்க்கவில்லை. துண்டைத் தேடவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சாய்ந்த பலகையைச் சாய்ந்தபடியே விட்டுவிட்டு, கெண்டைக்குஞ்சு தவளையிடம் சொன்ன பதிலைச் சொல்லிக்கொண்டே போனாள். தொடையில் சூடு பரவியது. நல்ல கனம். நாலே கால்தான், ஒரு பிடி குறையவில்லை.

சாரல் ஆடியில் எப்போதும் சொல்லாமல்தான் வரும். முதலில் பொடித் தூறலாக விழுந்து, யாரும் நிமிர்வதற்குள் கனத்துவிட்டது. பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள், சுற்றிய பீடி நனைந்தால் பிரியும், தூள் நனைந்தால் குப்பைதான், மூடி வைக்க இருந்தது நீலத் தார்ப்பாய் ஒன்றே ஒன்று. மைமூன் அதை உதறிப் பிரித்து, "எந்திரிங்க டீச்சர், நனையுதீங்க," என்றாள்.

சங்கரவடிவு எந்திரிக்கவில்லை. தண்ணீர் நெற்றியில் வழிய, பென்சிலைப் பிடித்த கையைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடை திரும்பிப் பார்த்தாள். பலகையின் சாய்வைப் பார்த்தாள். பதினைந்து நாள் தன் மடியிலும் மற்றவர்கள் மடியிலும் பார்த்த சாய்வு அது. மைமூன் கையிலிருந்த தார்ப்பாயின் ஒரு முனையை வாங்கி, டீச்சரின் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். மைமூனுக்கும் புரிந்தது, அவள் இன்னொரு முனையைப் பிடித்தாள். மழைக்கு ஓடி வந்த இசக்கிமுத்து, என்ன ஏது என்று கேட்காமல் மூன்றாவது முனையைப் பிடித்தான். நாலாவது முனைக்கு மாவு மில்காரர் வந்தார். மற்ற பெண்கள் நனைகிற தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல், தார்ப்பாய்க்கு அடியில் ஆளுக்கு ஒரு ஓரமாக ஒதுங்கிக் குனிந்து நின்றார்கள். அன்றைக்கு அந்தத் தெருவின் பீடி முழுக்க நனைந்தது.

தார்ப்பாயில் மழை சடசடவென்று கொட்டியது, அதற்கு அடியில் காது வைத்துக் கேட்டால் மட்டும் தெரிகிற அளவில் குர்குர்ரென்று இன்னொரு சத்தம் இருந்தது.

"பிறகு என்ன டீச்சர் ஆச்சு?" என்று ஆவுடை குசுகுசுத்தாள். "கொலுசு கெடச்சுதா?"

சங்கரவடிவுக்கு ஒரு கால் முழுக்க மரத்துப்போயிருந்தது. அதை நகர்த்தாமல், நனைந்த கண்ணிமையைத் துடைக்காமல், பென்சிலைத் திரும்பத் தாளில் ஊன்றினாள்.

"மெதுவாச் சொல்லுதேன்," என்றாள். "எனக்கு இப்ப எந்திரிக்க முடியாது."